ஹில்லெவியின் இடது காது

ஷோவ்டே ஊரில் ஹெட்ஃபோன் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கடையில், வாயைத் திறக்கும் முன்பே அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாதவர்கள் எல்லாரும் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது சிக்ஸ்டனின் கடையில்தான். அங்கேயும் சிக்ஸ்டனிடம் அல்ல, ஹில்லெவியிடம்.

ஹில்லெவி நாற்பதைத் தாண்டியவள். இளவயதில் இன்ஜின் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே காதைப் பொத்திக்கொண்டு சம்பாதித்தவள் இங்கே காதைத் திறந்துகொண்டு சம்பாதிக்கிறாள் என்று சிக்ஸ்டன் கேலி செய்வார். ராணுவ முகாமில் இருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு, சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தும் வந்துவிட்டாள். குளிர்காலத்தில் பில்லிங்கன் குன்றுக்குச் சறுக்குக் கட்டைகளோடு தனியாகப் போய்வருவாள். ஏலக்காய் வாசம் பிடிக்காது. பன்னில்கூட ஏலக்காய் போடும் அந்தக் குளிர்நாட்டில் பிறந்துவிட்டு அதைச் சொல்வது லேசான காரியமல்ல. அதிகம் பேசமாட்டாள். கடைக்கு வந்தவரிடம், "கடைசியா எந்தச் சத்தத்தைக் கேட்டு அசந்துபோய் நின்னீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள்.

சிக்ஸ்டனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அறுபது வயதில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சூத்திரம் ஒன்று உண்டு. "பாட்டு கேக்குறவனுக்கு இனிமை வேணும். கேம் ஆடுறவனுக்குத் திசை வேணும், எதிராளி எந்தப் பக்கமா வர்றான்னு தெரியணும்ல. ரெக்கார்டிங் பண்றவனுக்கு உண்மை வேணும், கசந்தாலும் சரி. மூணும் ஒண்ணுலயே வேணும்னு கேட்டு வந்தான்னா, அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அர்த்தம்."

ஹில்லெவியிடம் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அந்தக் காதின் நரம்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. மங்கலாகக் கேட்பது, கூர்ந்தால் கேட்பது என்றெல்லாம் இல்லை, சுவர் மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்குப் பொருத்தமான நாள் எதுவும் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

அதற்காக அவள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு ஹெட்ஃபோனைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒருமுறை நேராக மாட்டிக்கொள்வாள், மறுமுறை இடவலம் மாற்றித் திருப்பி மாட்டிக்கொள்வாள். இரண்டு பக்கத்தையும் ஒரே காதால் அளந்துவிடுவாள். வாடிக்கையாளர்களுக்கு எப்போதும் இடப்பக்கமாக நின்றுகொள்வாள், அவர்கள் தன் வலப்பக்கம் வரும்படி. இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது சத்தம் எங்கெங்கோ நகர்கிறது என்கிறார்களே, அதை மட்டும் அவள் அறிந்ததில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ரயில் ஓடும் பதிவைப் போட்டுவிட்டு, கேட்பவரின் கண்களைப் பார்ப்பாள். நல்ல ஹெட்ஃபோன் என்றால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆளின் கண்மணி தானாகவே ரயிலோடு போகும். சுமாரானது என்றால் கண் நடுவிலேயே நிற்கும். இப்படிப் பிறர் கண்ணைப் பார்த்துப் பார்த்தே அவள் திசையைக் கற்றுக்கொண்டாள்.

பிப்ரவரி மாதத்தில், கடைகளில் எல்லாம் கிரீம் வைத்த பன் விற்கும் நாட்களில், ஒரு முற்பகலில் தூவா உள்ளே வந்தாள். முப்பதைத் தொடாத பெண். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. சிக்ஸ்டன் மீசையில் கிரீமோடு நிமிர்ந்தார்.

"எனக்கு ஒரு ஹெட்ஃபோன் வேணும்," என்றாள் தூவா. "பொய் சொல்லாததா."

"பொய் சொல்லாத புருஷன்கூடக் கிடைச்சுடுவான்மா. ஹெட்ஃபோன் கஷ்டம்," என்றார் சிக்ஸ்டன்.

தூவா சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்லீங்க. என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு இல்லேங்குது. எது நிஜம்னு தெரியாம எனக்கு வேலையே ஓடலை."

ஹில்லெவி அவளை உட்காரவைத்தாள். "என்ன வேலை பண்றே?"

தூவா அந்த ஊரில் இருக்கும் ஒரு சின்ன கேம் கம்பெனியில் ஒலி அமைப்பவள். உறைந்த ஏரி ஒன்றைத் தனியாகக் கடந்து போகும் பெண்ணைப் பற்றிய கேம். அதற்காக லும்மேன் ஏரிக்குப் போய், ஐஸ் பாடுவதைப் பதிவு செய்து வந்திருக்கிறாள். கடுங்குளிரில் ஏரியின் ஐஸ் விரியும்போதும் சுருங்கும்போதும் விசில் மாதிரியும் விம்மல் மாதிரியும் சத்தம் எழும். அங்கத்து ஜனங்கள் அதைப் பாட்டு என்றுதான் சொல்வார்கள். அதைப் பிடிக்கத் தூவா எடுத்துப்போனது ஒரு ரப்பர் தலை. மனிதத் தலை அளவு, கண் வாய் கிடையாது, காது மட்டும் அச்சு அசலாக இருக்கும். இரண்டு காதுக்குள்ளும் மைக். அது கேட்பதை ஹெட்ஃபோனில் கேட்டால் நாமே அங்கே நிற்பது போல இருக்கும். கம்பெனியில் அந்தத் தலைக்குப் பெர்ட்டில் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"பெர்ட்டிலை ஏரி நடுவுல நிறுத்திட்டு, நான் கரையில கார்ல போய் உக்காந்துட்டேன். என் மூச்சு, என் கோட்டுச் சத்தம் எதுவும் விழக் கூடாதுன்னு. ஏரி முழுக்க என் கண்ணு முன்னால இருந்துச்சு. ஒரு ஆள் இல்ல, ஒரு நாய் இல்ல." தூவா விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டாள். "வீட்டுல போட்டுக் கேட்டா, யாரோ நடக்குறாங்க. பெர்ட்டிலைச் சுத்திச் சுத்தி. ஆபீஸ்ல ஸ்பீக்கர்ல போட்டா ஒண்ணுமே இல்ல. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. 'பெர்ட்டிலுக்குக் கால் முளைச்சுடுச்சு, சம்பளம் போட்டுடலாம்'ங்கிறாங்க."

"எங்களுக்கும் போட்டுக் காட்டு," என்றார் சிக்ஸ்டன், மீசையைத் துடைத்துக்கொண்டு.

கடையின் பின்பக்கம் கம்பளி ஒட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே ஆரம்பித்தார்கள். முதலில் பாட்டு கேட்பவர்களுக்கான, காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருக்கும் வகை ஒன்று. தூவா மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "இதுல காலடியா கேக்கலை. யாரோ கதவைத் தட்டுற மாதிரி, தூரத்துல, மெத்துனு," என்றாள். அடுத்தது கேம் ஆடுபவர்கள் வாங்குவது. மாட்டிய உடனே அவள் கண்மணிகள் வலது ஓரத்துக்கு ஓடின; அங்கிருந்து மெதுவாக நடுவுக்கு வந்து, இடது ஓரத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டன. ஹில்லெவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரின் கண்களை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். நகர்ந்த சத்தம் நின்றுபோனால் கண் திரும்பி நடுவுக்கு வரும். இவள் கண் வரவில்லை. ஓரத்தில் நிற்கிற ஒருவரைப் பார்ப்பது போல அங்கேயே இருந்தது.

"குடு, நான் பாக்குறேன்," என்று சிக்ஸ்டன் வாங்கி மாட்டினார். அவர் கண்ணும் அதே வழியில் போய் அதே இடத்தில் நின்றது. கையில் இருந்த பன்னைக் கீழே வைத்தார்.

"குளிர்ல ஐஸ் விரிசல் விடுற சத்தம்," என்றார். "தலைக்குப் பக்கத்துல வட்டமா வெடிக்குது. அதான் நடக்குற மாதிரி கேக்குது."

"அப்போ இதுல கேளுங்க," என்று தூவா, ஸ்டூடியோக்காரர்கள் வாங்கும் மூடிய வகையைக் கையில் கொடுத்தாள். எந்தச் சத்தத்தையும் கூட்டாமல் குறைக்காமல் தருவது அது. சிக்ஸ்டன் கேட்டார். முகம் மாறியது.

"பனித்தூள்ல மிதிக்குற சத்தம்," என்றார்.

"ஆமா. நறுக் நறுக்குனு. ஆனா அன்னிக்கு ஏரியில பனித்தூளே இல்ல. காத்து எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. கண்ணாடி மாதிரி வெறும் ஐஸ்."

பிறகு சிக்ஸ்டன் வழக்கமான குரலை வரவழைத்துக்கொண்டு, "ஹில்லெ, நீ கேட்டுச் சொல்லு. உன் காது இந்தக் கடையோட காது," என்றார்.

ஹில்லெவி மாட்டிக்கொண்டாள். வலது காதில் ஏரி விரிந்தது. ஐஸ் எங்கோ ஆழத்தில் ஊளையிட்டு அடங்கியது. காலடிகள் வலப்பக்கம் வந்தன, அவர்கள் சொன்னபடியே, நறுக், நறுக். பிறகு தேய்ந்து மறைந்தன. இனி இடப்பக்கம் போயிருக்கும், தனக்கு அது கிடையாது, கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும் என்று கையை உயர்த்தினாள்.

அப்போது இடது காதில் யாரோ மூச்சு விட்டார்கள்.

முதலில் அவளுக்கு அது சத்தம் என்றே விளங்கவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் அவளுக்குள் வந்ததில்லை. பூட்டிய வீட்டின் பின்கட்டில் விளக்கு எரிவதைத் தெருவிலிருந்து பார்ப்பது போல இருந்தது. மூச்சு இன்னும் நெருங்கியது. பிறகு, உதடு காதில் படும் தூரத்திலிருந்து ஒரு குரல், தாழ்ந்து, அவசரமில்லாமல் சொன்னது:

"நின்னுடு."

ஹில்லெவி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் தூவா.

"காலடிதான்," என்றாள் ஹில்லெவி. "பேச்சு ஏதாவது கேட்டுதா உங்களுக்கு?"

"பேச்சா?" சிக்ஸ்டன் புருவத்தை உயர்த்தினார். "அதெல்லாம் இல்லை. பயமுறுத்தாதே."

அன்று தூவா எதையும் வாங்கவில்லை. ஆனால் போகும்போது ஹில்லெவி வாசல்வரை வந்து, "மறுபடி எப்போ ஏரிக்குப் போறே?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை. இன்னொரு தடவை பதிவு பண்ணியே ஆகணும். ஏன்?"

"நானும் வர்றேன். ஐஸ்ல தனியா நடக்கக் கூடாது."

அது பொய். தூவாவின் பத்திரத்துக்காக அவள் கிளம்பவில்லை. பயந்தும் கிளம்பவில்லை. அந்தப் பக்கம் மறுபடி திறக்குமா என்று பார்க்கத்தான் போனாள். கேட்டது எது, யாருடையது என்பதுகூட இரண்டாம்பட்சம். அந்த வாரம் முழுக்க வேலைக்கு நடுவே, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, இடது காதைக் கடையின் நிசப்தத்துக்கு நீட்டியபடி அவள் நின்றதைச் சிக்ஸ்டன் பார்த்தார். "கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

சனிக்கிழமை நண்பகலிலும் லும்மேன் ஏரியில் வெளிச்சம் பால் கலந்த மாதிரிதான் இருந்தது. மூடுபனி கரையை விழுங்கியிருந்தது. ஐஸ் வெறுமையாக, கறுப்பாக, காலுக்குக் கீழே அடிவரை தெரிந்தது. இருவரும் காலணியில் முள்பட்டை கட்டிக்கொண்டார்கள். விழுந்தால் குத்தி ஏறுவதற்கான ஆணிப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஹில்லெவி கையில் இரும்பு முனை வைத்த நீளக் கம்பு. கொஞ்ச தூரம் போனதும் தூவா முக்காலியை விரித்துப் பெர்ட்டிலை நிறுத்தினாள். கண்ணில்லாத அந்த முகம் ஏரியைப் பார்த்து நின்றது.

"பதிவுப்பெட்டி என் நெஞ்சுல தொங்கும். பெர்ட்டிலோட வயரை விரிச்சுக்கிட்டே நாம தள்ளிப் போயிடலாம்," என்றாள் தூவா. "ஹெட்ஃபோனை நீங்க போட்டுக்குங்க. எனக்கு அதை மறுபடி காதுல வைக்கவே பிடிக்கலை. நான் முன்னால போறேன், அதோ அந்த நாணல்கிட்ட உக்காந்துக்கலாம்."

"எனக்கு முன்னால ஓடாதே. வயர் இழுக்கும்."

"நீங்க வேகமா வாங்க, கிழவி மாதிரி நடக்காம," என்று தூவா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

ஹில்லெவி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இப்போது அவள் கேட்டது தன் காதால் அல்ல, பின்னால் நிற்கும் பெர்ட்டிலின் காதால். வலது காதில் இரண்டு பேர் நடந்து தூரமாகப் போகும் சத்தம்: முள்பட்டை ஐஸைக் கீறும் சத்தம். அது அவர்களே. தான் போவதைத் தானே பின்னால் நின்று கேட்பது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. நாணலின் மங்கிய மஞ்சள் நிறம் மூடுபனிக்குள்ளிருந்து தெரிய ஆரம்பித்தது. ஐஸ் ஒருமுறை நீளமாக விம்மியது.

பிறகு இடது காதில் நறுக் என்றது.

அவள் நடந்துகொண்டே கேட்டாள். நறுக், நறுக். முள்பட்டைச் சத்தம் அல்ல; பனித்தூளில் மெல்லிய காலணி அழுந்தும் சத்தம். பெர்ட்டிலை நெருங்கி வந்து நின்றது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மூடுபனியில் முக்காலியும் அதன்மேல் தலையும் மட்டும், தொலைவில் ஒரு ஒல்லியான ஆள் போல. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் காதுக்குள் மூச்சு வந்தது. ஹில்லெவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பயத்தால் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்பதால்.

"நின்னுடு," என்றது குரல்.

அவள் நின்றாள்.

இருவருக்கும் நடுவே இருந்த ஹெட்ஃபோன் வயர் விறைத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த தூவா அதே நொடியில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். திரும்பிய வேகத்தில் அவள் காலடியில் ஐஸ் சத்தமே இல்லாமல் விட்டது. ஒரு தட்டு சாய்வது போல அவள் இடுப்புவரை கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கினாள். திரும்பியிருந்ததால் கெட்டியான பக்கத்தின் மேல் அவள் மார்பும் கைகளும் விழுந்தன. நேராகப் போயிருந்தால் தலைக்கு மேல் மூடியிருக்கும். நாணலுக்கு அடியில் ஒரு ஓடை வந்து கலக்கிறது என்றும் அங்கே ஐஸ் ஏமாற்றும் என்றும் பிறகு ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

ஹில்லெவி ஹெட்ஃபோனைப் பிய்த்தெறிந்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். கம்பை நீட்டினாள். "பிடி! ஆணியைக் குத்து! காலை உதைச்சு நீட்டு, நீந்துற மாதிரி!"

"முடியலை, மூச்சு..."

"மூச்சு வரும். என்னைப் பாரு. உதை!"

தூவா ஆணிப்பிடிகளைக் குத்தினாள். ஹில்லெவி கம்பைப் பற்றிக்கொண்டு பின்னுக்கு ஊர்ந்தாள். ஒருமுறை விளிம்பு உடைந்தது, மறுமுறை தாங்கியது. மீன் ஒன்று கரையேறுவது போலத் தூவா வெளியே வந்து விழுந்தாள். பதிவுப்பெட்டி கழன்று தண்ணீருக்குள் போயிருந்தது. ஹெட்ஃபோனும் அதன் பின்னாலேயே ஐஸில் சறுக்கிப் போய் விளிம்பில் மறைந்தது.

கெட்டியான இடம்வரை தவழ்ந்துவிட்டு, தோளில் தோள் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். பெர்ட்டிலைக் கடந்துதான் போக வேண்டும். மூடுபனி உறைந்து அந்த ரப்பர் தலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்டை, கன்னம், வலது காது எல்லாம் உப்புத் தூவியது போல. இடது காது மட்டும் ஈரமாக, கறுப்பாக இருந்தது. யாரோ நெடுநேரம் அதன்மேல் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தது போலப் பனிப்பூ அங்கே உருகி, காதுமடலில் ஒரு சொட்டுத் தொங்கியது.

தூவாவும் அதைப் பார்த்தாள். அவள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. இருவரும் பெர்ட்டிலை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்குப் போனார்கள். மறுநாள் தூவாவின் கம்பெனி ஆட்கள் போய் எடுத்துவந்தார்கள்.

அடுத்த வாரம் ஹில்லெவி காது மருத்துவரிடம் போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இடது காது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. "செத்த காதுங்க இது. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மருத்துவர், தன்மையான மனிதர். "சில பேருக்கு வெறுமையா கிடக்குற பக்கத்துல மூளையே எதையாவது இட்டு நிரப்பும். மணிச்சத்தம், பாட்டு, சில சமயம் பேச்சுகூட."

"அந்தப் பேச்சு உயிரைக் காப்பாத்துமா?" என்று, ஏரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கேட்டாள்.

அவர் யோசித்தார். "மூளை நமக்கு முன்னாலேயே ஆபத்தைக் கண்டுபிடிக்கும். காலுக்கு அடியில ஐஸ் மாறினதை உங்க உடம்பு உணர்ந்திருக்கும்."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது, தூவா கடைக்கு வரும்வரை.

மருத்துவரிடம் போய்வந்த அன்றே ஹில்லெவி சிக்ஸ்டனிடம் இடது காது கேட்காத விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா நான் உன் இடப்பக்கம் நின்னு சொன்ன ஜோக் எல்லாம்?" என்றார்.

"ஒண்ணுகூடக் கேட்டதில்லை."

"அதான் நீ சிரிக்கலையா! நான் என் ஜோக்குதான் மோசம்னு நினைச்சு மருகிட்டு இருந்தேன்." சிரிக்க முயன்றார், முடியவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து, அவளுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தார்.

மார்ச்சில், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, தூவா வந்தாள். நிறம் திரும்பியிருந்தது. ஏரிக் காட்சிக்கு அந்தப் பதிவை உபயோகிக்கவில்லை என்றாள். சமையலறையில் உருளைக்கிழங்கு மாவைத் துணிப்பையில் கட்டி, அதைப் பிசைந்து காலடிச் சத்தம் உண்டாக்கியிருக்கிறாள். எல்லாரும் நிஜம் போலவே இருக்கிறது என்றார்களாம்.

"அப்போ ஹெட்ஃபோன்?" என்றார் சிக்ஸ்டன். "பொய் சொல்லாததா?"

"வேண்டாங்க. கொஞ்சம் பொய் சொல்றதே குடுங்க. பாட்டு கேக்குறதுக்கு, இனிமையா. யாராவது பின்னால வந்தா எனக்குத் தெரியவே வேண்டாம்."

ஹில்லெவி திறந்த வகையில் மென்மையான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தூவா கேட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"உங்களுக்கு நான் ஒழுங்கா நன்றிகூடச் சொல்லலை. நீங்க மட்டும் அன்னிக்குக் கத்தலைன்னா நான் திரும்பியிருக்க மாட்டேன்."

"நான் கத்தலையே," என்றாள் ஹில்லெவி. "நின்னேன். வயர் இழுத்துச்சு, அதான் நீ திரும்பினே."

"வயர் அப்புறம்தான் இழுத்துச்சு. மொதல்ல நீங்க சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்கு. கத்தலைன்னு வேணா வச்சுக்குங்க, என் காதுகிட்ட வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு, இந்தப் பக்கம்." தூவா தன் இடது காதைத் தொட்டாள். "'நின்னுடு'ன்னு. உங்க குரல்தான். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

ஹில்லெவி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவரிடம்கூட, பேச்சு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். தூவாவின் காதில் அன்று ஹெட்ஃபோனும் இல்லை.

"ஆமா," என்றாள் கடைசியில். "சொல்லியிருப்பேன். பதட்டத்துல மறந்திருக்கும்."

தூவா அவளைக் கட்டிக்கொண்டுவிட்டுப் போனாள். கம்பெனி நொடித்துப்போக, அந்தப் பெண் மால்மோ நகருக்குப் போய், அங்கே குழந்தைகளுக்கான கேம்களுக்கு ஒலி அமைக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

தூவா முதல் நாள் போட்டுக் காட்டிய பதிவின் பிரதி ஒன்று கடைக் கணினியில் கிடந்தது. அதை ஹில்லெவி ஒரு பகல் உணவு வேளையில் போட்டுக் கேட்டாள். நேராக மாட்டினாள்: இடது பக்கம் பழைய சுவர். திருப்பி மாட்டி, இடப்பக்கத்துச் சத்தத்தை வலது காதில் கேட்டாள். காலடிகள் வந்தன, நின்றன. அதற்கப்புறம் ஏரியின் காற்று மட்டும். குரல் இல்லை. தன் குரலைத் தானே பதிவு செய்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி, அதையும் கேட்டுப் பார்த்தாள். பதிவில் கேட்கும் சொந்தக் குரல் யாருக்குமே அந்நியமாகத்தான் இருக்கும். அதுதானா, வேறா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் அந்த ஏரியில் கால் வைப்பதற்கு முன்பே எடுத்த பதிவு அது என்பதை நினைத்ததும் கணினியை அணைத்துவிட்டாள்.

காப்பாற்றியதுதானே, நல்லதாகத்தானே இருக்கும் என்று சிக்ஸ்டன் சொல்வார். அவரிடம் பின்னால் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவளுக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் குரலைக் கேட்டவள் அவள். ஓடுகிறவளைத் தடுக்கிற குரல் அப்படி இருக்காது. அதில் பதற்றம் இல்லை, எச்சரிக்கை இல்லை. விருந்துக்கு வந்து கிளம்பப் பார்ப்பவரின் கையைப் பிடித்து, இருந்துவிட்டுத்தான் போயேன் என்பவரின் குரல் அது. போகாதே என்றா சொன்னது, இங்கேயே இருந்துவிடு என்றா? வார்த்தை ஒன்றுதான்.

அடுத்த குளிர்காலத்தில் லும்மேன் ஏரிக்கு ஜனங்கள் வழக்கம்போலச் சறுக்கப் போனார்கள். ஹில்லெவி போகவில்லை. பில்லிங்கன் குன்றுக்கு மட்டும் போய்வந்தாள், அதுவும் நண்பர்கள் சேர்ந்து போகும் நாட்களில். கடையில் அவள் வேலை மாறவில்லை; வருகிறவர்களின் கண்களைப் பார்த்தே பொருத்தமானதை எடுத்துக் கொடுக்கிறாள். சில பேர் அவளுடைய இடப்பக்கம் வந்து நின்றுகொண்டால், "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, எனக்கு அந்தக் காது கேக்காது," என்று இப்போது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறாள். சொல்லும்போது லேசாகக் குரல் தடுமாறும்.

ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்குத் தூக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கேட்கும் காதைத் தலையணையில் புதைத்துப் படுத்துவிட்டால் போதும், உலகமே அணைந்துவிடும். ஹில்லெவி சின்ன வயதிலிருந்து அப்படித்தான் தூங்கினாள். இப்போது மறுபக்கம் புரண்டு, செத்த காதை யாரும் நெருங்க முடியாதபடி தலையணையில் அழுத்திக்கொண்டு படுக்கிறாள். மேல்வீட்டுக்காரர் தண்ணீர் திறப்பது, படிக்கட்டில் யாரோ சாவியைத் தேடுவது, கீழே சாலையில் பனி வழிக்கும் வண்டி உறுமிக்கொண்டு போவது, எல்லாம் கேட்கிறது. தூக்கம் கெடுகிறதே என்று சிக்ஸ்டன் கேட்டதற்கு, கெட்டால் கெடட்டும் என்றாள்.